எஞ்சின் மூடியும் மூன்று துணிகளும்

சங்கத்துப் பத்திரிகையில் கும்பாபிஷேகம், பிள்ளைகளின் பரீட்சை, ஊர்ப் பயணம் இவற்றுக்கு நடுவே கார் ரிப்பேர் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். வந்த காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதக் கூட்டம் முடிந்து வாசலில் நின்றுகொண்டிருந்தபோது நம் உறுப்பினர் ஒருவர் கட்டுப் போட்ட வலது கையோடு வந்தார். "என்ன சார், ஸ்கூட்டரிலிருந்து விழுந்தீர்களா?" என்று விசாரித்தேன். "அதெல்லாம் இல்லை சார். காரில் எஞ்சின் மூடி இறுகிக் கிடந்தது. பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். திடீரென்று வந்துவிட்டது. வந்த வேகத்தில் கை பானெட் கொக்கியில் போய் மோதிவிட்டது" என்றார். கூட இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2014-ஆம் வருஷம் போகியன்று நான் பட்ட பாடு கண்முன் வந்து நின்றது.

அந்தக் கதையையும், அதில் கற்ற பாடத்தையும் எழுதிக் கொடுங்கள் என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டார். நான் மெக்கானிக் அல்ல. சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் டில்லிக்கு வந்த நாளிலிருந்து வண்டியின் சின்னச் சின்ன வேலைகளை நானே பார்த்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. அதற்குச் சிக்கனம் ஒரு காரணம் என்றால், பாஷை இன்னொரு காரணம். ஊரில் அப்பா காலத்து மெக்கானிக்கிடம் "அண்ணே, ஏதோ கடகடங்குது" என்றால் போதும். இங்கே வந்த புதிதில் ஸ்க்ரூ டிரைவருக்குப் 'பேச்கஸ்' என்றும், ஸ்பானருக்குப் 'பானா' என்றும், மூடிக்கு 'டக்கன்' என்றும் தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. அதுவரை கையால் காட்டி, வாயால் சத்தம் போட்டுத்தான் காலம் தள்ளினேன்!

மூடி எதற்கு?

1990-களில் எங்களிடம் மாருதி 800 இருந்தது. பானெட்டைத் தூக்கினால் மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின் அப்படியே கண்ணுக்குத் தெரியும். 1983 டிசம்பரில் வெளிவந்த அந்த வண்டியின் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுபோனது. நான் சொல்லப்போகும் சம்பவமும் அதே மாதம் நடந்ததுதான். அதற்குள் எங்கள் வீட்டுக்கு ஒரு டீசல் கார் வந்திருந்தது. அதன் பானெட்டைத் திறந்தால் எஞ்சின் தெரியாது. பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு மூடிதான் தெரியும்.

பார்வைக்கு லட்சணமாக இருக்க வேண்டும் என்பது மூடி வைப்பதற்கு ஒரு காரணம். எஞ்சினின் சத்தத்தை அடக்குவது இன்னொன்று. டீசல் வண்டிகளில் மூடிக்கு அடியில் பஞ்சு போன்ற நுரை ஒட்டியிருப்பது இதற்காகத்தான். தூசியும் தண்ணீரும் மேலே நேராக விழாமல் தடுப்பதும் உண்டு. சில வண்டிகளில் ஏர் பில்டரே இந்த மூடிக்குள் அடங்கியிருக்கும்.

இது எப்படி நிற்கிறது? சிலவற்றில் போல்ட் இருக்கும். பலவற்றில் போல்ட்டே கிடையாது. எஞ்சின் பக்கத்தில் உருண்டைத் தலையுள்ள சிறு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். மூடியின் அடியில் அவற்றுக்கு நேராகச் சின்னக் கிண்ணம்போல ரப்பர்கள் பொருத்தியிருக்கும். ஜாக்கெட்டில் வைக்கும் பிரஸ் பட்டனைப் போல அழுத்தினால் உட்காரும், இழுத்தால் கழலும். புது வண்டியில் இது சுலபம். நாலைந்து வருஷம் எஞ்சின் சூட்டில் வெந்த பிறகு ரப்பர் விறைத்துக் கம்பியோடு ஒட்டிக்கொள்கிறது. டில்லியின் ஜனவரிக் குளிரில் அது இன்னும் கெட்டியாகிவிடும். பிளாஸ்டிக்கும் குளிரில் வளைந்து கொடுக்காது, பட்டென்று ஒடியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2014 ஜனவரி 12, ஞாயிறு. மறுநாள் போகி. பொங்கலுக்காக அம்மா தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்துகொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு எழுபத்தெட்டு வயது. அப்பா போன பிறகு டில்லிக்கு வருவது அதுதான் முதல் தடவை. துணைக்கு அக்கா.

முதல் நாளே வண்டியில் எஞ்சின் விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. பானெட்டைத் திறந்தேன். பாட்டரி ஓரத்தில் வேர்க்கடலைத் தோல்! லோடிப் பண்டிகைக்காகத் தெருவெல்லாம் வறுத்த கடலை விற்கும் சமயம் அது. கடலை எங்கே இருக்கிறதோ அங்கே எலி இருக்கும். குளிர் காலத்தில் திறந்த வெளியில் நிற்கும் வண்டிக்குள் எலி குடியேறுவது இங்கே சர்வ சாதாரணம். ஓட்டி நிறுத்திய எஞ்சின் வெகுநேரம் கதகதப்பாக இருக்கும். மேலே கூரையாக மூடி, அடியில் படுக்கையாக நுரை. பசித்தால் கடிக்க ஒயர். இதைவிட நல்ல ஜாகை எலிக்கு ஏது?

மூடியைக் கழற்றிப் பார்த்துவிடுவது என்று பையனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இறங்கினேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். அசையவில்லை. "அப்பா, பத்து நிமிஷம் பொறு, வண்டியோட புஸ்தகத்தை எடுத்துட்டு வரேன்" என்றான் பையன். பெரியவன் நான் கேட்பேனா? ஸ்க்ரூ டிரைவரை ஒரு மூலையில் கொடுத்து நெம்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். கழன்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். மூடியின் ஒரு கால் ஒடிந்திருந்தது. மற்ற மூன்றும் பிடித்த பிடி விடவில்லை.

காலனி வாசலில் வேப்பமரத்தடியில் கடை போட்டிருந்த மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். அறுபது வயதுக்காரர். கையில் ஆயுதம் எதுவும் எடுக்கவில்லை. குனிந்து மூடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஜோர் பாத் மே, பாபுஜி. பெஹலே தேக்கோ இஸே பகடா கிஸ்னே ஹை" என்றார். பலம் அப்புறம், இதைப் பிடித்துக்கொண்டிருப்பது யார் என்று முதலில் பாருங்கள் என்று அர்த்தம். சொல்லிவிட்டு எஞ்சின் ஆயில் ஊற்றும் மூடியை விரலால் தட்டிக் காட்டினார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் வண்டியில் அந்த ஆயில் மூடி, பிளாஸ்டிக் மூடியில் உள்ள துளை வழியாக மேலே வந்திருக்கிறது. துளையைவிட ஆயில் மூடி அகலம். அதைத் திருகி எடுக்காமல் தாம்பாளம் மேலே வரவே வராது. எங்கள் இருவர் பலமும் அதன் மேல்தான் போயிருக்கிறது! அவர் ஆயில் மூடியைத் திருகி எடுத்து, திறந்த வாயில் ஒரு துணியைப் போட்டு மூடினார். எஞ்சினை ஓடவிடாமலே, உள்ளங்கையை மூலைக்கு அடியில் கொடுத்து நேர் மேலே ஒரு அழுத்தம். ஒரு மூலை வந்தது. அடுத்த மூலை. அடுத்தது. முழுதாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆயில் மூடியை உடனே திருப்பிப் போட்டுவிட்டு, ஒயர்களைப் பார்த்தார். ஒன்றின் மேலுறை கடிபட்டிருந்தது. அதைச் சரிசெய்து டேப் சுற்றிவிட்டு, அவசர வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். எலிக்கூட்டைச் சுத்தம் செய்வதும் மூடியை மாட்டுவதும் என் பொறுப்பு.

கழற்றும் முறை

அவரிடம் அன்று பார்த்ததையும், பிறகு என் அனுபவத்தில் தெரிந்துகொண்டதையும் சேர்த்து வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் எஞ்சின் ஆறட்டும். ஓட்டி வந்தவுடன் கை வைக்காதீர்கள். சாவியை எடுத்துவிடுங்கள். பல வண்டிகளில் எஞ்சின் நின்ற பிறகும் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலும். வேட்டி, துப்பட்டா, தொளதொளத்த கைச்சட்டை எதுவும் வேண்டாம். மோதிரத்தையும் கழற்றி வைத்துவிடுவது உத்தமம்.

இரண்டாவது, வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். அதில் இல்லாவிட்டால் கையில் டார்ச்சை வைத்துக்கொண்டு மூடியைச் சுற்றி ஒரு பிரதட்சணம் செய்யுங்கள். போல்ட் இருக்கிறதா? சிறு பிளாஸ்டிக் தொப்பிக்கு அடியில் மறைந்திருக்கிறதா? ஆயில் மூடி, ஆயில் அளவு பார்க்கும் கம்பி, ஏதாவது குழாய், ஒயர் கிளிப், இவற்றில் எது மூடியைத் தாண்டி வருகிறது? தாண்டி வருவதை எல்லாம் முதலில் விடுவிக்க வேண்டும். ஆயில் மூடியை எடுத்தால் அந்த வாய் ஒரு விநாடிகூடத் திறந்து கிடக்கக் கூடாது. ஒரு கடலைத் தோல் உள்ளே விழுந்தாலும் வம்புதான்.

மூன்றாவது, குளிர் நாளாக இருந்தால், ஆயில் மூடி உட்பட எதையும் கழற்றுவதற்கு முன்பே, நாலைந்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துங்கள். எலி சந்தேகம் இருந்தால் மட்டும் இது வேண்டாம். வெயிலில் நிறுத்தி வைத்தால் போதும். ரப்பர் சற்று இளகும். மூடியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், சுடக் கூடாது.

நாலாவது, இழுக்கும் விதம். ரப்பர் எங்கெங்கே இருக்கிறது என்று விரலால் அடியில் தடவித் தெரிந்துகொள்ளுங்கள். கையை அந்த ரப்பருக்குப் பக்கத்திலேயே கொடுத்து, நேர் மேலே, ஒவ்வொரு மூலையாக. பக்கவாட்டில் ஆட்டினால் கம்பி வளையும் அல்லது மூடியின் கால் ஒடியும். வந்துவிடும் என்று தெரிந்த நொடியில் முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கட்டுப் போட்ட நம் நண்பர் செய்யத் தவறியது இதைத்தான்.

ஐந்தாவது, ஸ்க்ரூ டிரைவர் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக்கில் இரும்பைக் கொடுத்து நெம்பினால் உடைவது எப்போதும் பிளாஸ்டிக்தான்.

திருப்பி மாட்டும்போது

கழற்றுவதில் பாதிப் புத்தி போதும். மாட்டுவதற்கு முழுப் புத்தி வேண்டும் என்பது என் அனுபவம். கழற்றிய மூடியைக் கவிழ்த்து வைத்து ரப்பர்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அது கம்பியின் தலையிலேயே தங்கியிருக்கும். அதை எடுத்து மூடியில் அதன் இடத்தில் செருகிய பிறகுதான் மாட்ட வேண்டும். வெடித்த ரப்பரை மாற்றிவிடுங்கள். மாதிரிக்குப் பழையதை எடுத்துக்கொண்டு காஷ்மீரி கேட் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கேட்டால் கிடைக்கும்.

ரப்பர் சுலபமாக உட்கார சிலிக்கான் கிரீஸ் மிகக் கொஞ்சம் தடவலாம். அது இல்லாவிட்டால் பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒரு சொட்டைத் தண்ணீரில் கலந்து தொட்டு வையுங்கள். நம் வீட்டு வழக்கப்படி தேங்காய் எண்ணெயை எடுத்துவிடாதீர்கள். கிரீஸ், எஞ்சின் ஆயில், தேங்காய் எண்ணெய் இவை பட்டால் சில வகை ரப்பர் உப்பிப் போய்ப் பிறகு பிடிப்பே இருக்காது.

நுரையில் எலி கடித்துத் தொங்கும் துணுக்குகளை அகற்றுங்கள். ஒயர்களும் குழாய்களும் பழைய பாதையிலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு மூடியை வைத்து, நாலு ரப்பரும் நாலு கம்பிக்கு நேராக இருக்கிறதா என்று மெல்ல அசைத்துப் பார்த்து, உள்ளங்கையால் ஒவ்வொரு மூலையாக அழுத்துங்கள். உட்காருவது கைக்குத் தெரியும். உட்கார மறுத்தால் நிறுத்துங்கள். தூக்குங்கள். அடியில் பாருங்கள்.

இந்தக் கடைசி வார்த்தைகளை நான் காசு கொடுத்து வாங்கினேன் என்றே சொல்ல வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்யும்போது என்னிடம் மூன்று துணிகள் இருந்தன. ஒன்று ஆயில் வாயை மூடியது. ஒன்று கை துடைக்க. மூன்றாவதை, கடலைத் தோல் எஞ்சினின் முன்பக்க இடுக்கில் விழாமல் இருக்க, அந்த இடுக்கில் செருகி வைத்தேன். இருட்டிவிட்டது. குளிரும் ஏறிவிட்டது. மூடியை வைத்து அழுத்தினேன். பின்பக்கம் உட்கார்ந்தது, முன்பக்கம் உட்காரவில்லை. ரப்பர் இறுக்கம், ஒரு கால்தான் ஒடிந்திருக்கிறதே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு முஷ்டியால் இரண்டு குத்துக் குத்தினேன். உட்கார்ந்துவிட்டது. ஓட்டிப் பார்த்தேன். எஞ்சின் விளக்கு எரியவில்லை. வெற்றி!

மறுநாள் போகி. பனிமூட்டத்தால் ரயில் நாலு மணி நேரம் தாமதம் என்றார்கள். ஒன்பது மணிக்கு மேல் நானும் மனைவியும் பெண்ணும் கிளம்பினோம். மயூர் விஹாரிலிருந்து விகாஸ் மார்க்கைப் பிடித்து ஐ.டி.ஓ. பாலத்தில் ஏறும்போது ஏதோ பொசுங்கும் வாசனை. "ரோட்டோரத்தில் யாராவது குப்பையைக் கொளுத்திக் குளிர் காய்வார்கள்" என்றாள் மனைவி. "இல்லைம்மா, போகி கொளுத்தறாங்க" என்று சிரித்தாள் பெண். பாலத்தின் நடுவில், பானெட் விளிம்பிலிருந்து மெல்லிய புகை ஒரு இழை வந்தது. சிரிப்பு நின்றுபோனது.

பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எல்லோரையும் இறக்கித் தள்ளி நிற்கச் சொன்னேன். பானெட்டை உடனே முழுக்கத் திறக்கவில்லை. உள்ளே நெருப்பு இருந்தால் காற்றுப் பட்டு அது பெரிதாகும் என்று எங்கேயோ படித்தது நல்லவேளையாக ஞாபகம் வந்தது. தீப்பிழம்பு தெரிந்திருந்தால் திறக்கவே கூடாது. தள்ளிப்போய் 101-க்குப் போன் செய்ய வேண்டியதுதான். புகை அடங்கிய பிறகு கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். மூடியை எடுத்தேன். முன்பக்க இடுக்கில், டர்போவின் தகட்டு மறைப்பை ஒட்டி, என் மூன்றாவது துணி! ஓரமெல்லாம் பழுப்பு. நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பாகக் கனிந்துகொண்டிருந்தது. நீளமான ஸ்பானரால் இழுத்துத் தரையில் போட்டு மிதித்தேன். அம்மாவுக்கென்று பிளாஸ்கில் கொண்டுபோன காபி முழுவதையும் அதன் தலையில் ஊற்றினேன்.

டர்போவின் புகை செல்லும் பக்கம் வண்டி ஓடும்போது பல நூறு டிகிரி சூடாகும். பருத்தித் துணி சுமார் 400 டிகிரி செல்சியஸில் தானாகவே பற்றிக்கொள்ளும். எண்ணெய் ஊறிய துணி அதற்கு முன்பே புகையத் தொடங்கிவிடும். பக்கத்திலேயே டீசல் குழாய். மேலே பிளாஸ்டிக்கும் நுரையும். அந்தப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்ததால்தான் வாசனை உள்ளே வந்தது. வேகமாகப் போயிருந்தால் எப்போது தெரிந்திருக்குமோ! அம்மாவையும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில் அது நடந்திருந்தால்? இன்றைக்கும் இதை எழுதும்போது கை சற்று நடுங்குகிறது.

மூடி இரண்டு முறை என்னிடம் பேசியிருக்கிறது. வரமாட்டேன் என்றபோது, ஆயில் மூடி பிடித்திருக்கிறது என்றது. உட்காரமாட்டேன் என்றபோது, அடியில் துணி இருக்கிறது என்றது. இரண்டு முறையும் நான் பலத்தால் அதன் வாயை அடைத்தேன்.

டாப்பெட் கவர் வேறு ரகம்

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்காக ஒரு விஷயம். பிளாஸ்டிக் மூடிக்கு அடியில், எஞ்சினின் தலையில் இருப்பது வால்வு மூடி. ஒர்க்ஷாப்பில் டாப்பெட் கவர் என்பார்கள். இதை போல்ட்டுகள் பிடித்திருக்கும், நடுவில் காஸ்கெட். போல்ட் எல்லாம் எடுத்த பிறகும் வராமல் சண்டி செய்யும். காஸ்கெட்டும் அதில் பூசிய பசையும் சூட்டில் ஒட்டிப்போயிருப்பதுதான் காரணம். இங்கும் இடுக்கில் இரும்பைக் கொடுக்கக் கூடாது. அலுமினியப் பரப்பில் விழும் ஒரு சின்னக் கீறல் போதும், அந்த வழியாக ஆயில் கசிந்துகொண்டே இருக்கும். ரப்பர் சுத்தியலால், அல்லது மரக்கட்டை வைத்து, பக்கவாட்டில் மெதுவாகத் தட்டினால் ஒட்டு விடும்.

திருப்பிப் போடும்போது இரண்டு பரப்பையும் துடைத்து, புதுக் காஸ்கெட் போட்டு, எல்லா போல்ட்டையும் முதலில் கையால் திருகி, பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். எவ்வளவு முடுக்குவது என்பது வண்டியின் புத்தகத்தில் இருக்கும். இந்தச் சிறு போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் அளவில்தான் இருக்கும். 10 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் பத்துக் கிலோ தொங்கினால் எவ்வளவோ, அவ்வளவுதான். கசிகிறதே என்று மேலும் முடுக்கினால் காஸ்கெட் பிதுங்கி இன்னும் கசியும். அல்லது போல்ட் உள்ளேயே முறிந்து, நூறு ரூபாய் வேலை ஆயிரக்கணக்கில் போய் நிற்கும். கசியும் ஆயில் சூடான புகைக்குழாய் மேல் சொட்டினால் அதுவும் என் மூன்றாவது துணியின் கதைதான்.

டைமிங் பெல்ட் மூடியை வீட்டில் தொட வேண்டாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். பெல்ட் ஒரு பல் தவறினாலும் சில எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதேபோல, ஏர் பில்டர் மூடிக்குள்ளேயே இருக்கும் வண்டியை மூடி இல்லாமல் ஓட்டக் கூடாது. டில்லித் தூசி நேரே எஞ்சினுக்குள் போய்விடும். வெறும் சத்தத்துக்கும் அலங்காரத்துக்குமான மூடி என்றால், உடைந்ததை அரைகுறையாக மாட்டுவதைவிடக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, புதியது வாங்கும்வரை ஓட்டுவதே மேல்.

அம்மா சொன்ன கணக்கு

நானும் அன்று அதைத்தான் செய்தேன். மூடியை டிக்கியில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். ரயில் இன்னும் ஒரு மணி நேரம் தாமதமாகி, எங்களைக் காப்பாற்றியது. அம்மா இறங்கியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "என்னடா இது, சட்டையெல்லாம் புகை நாத்தம்?" என்றாள். "போகிம்மா" என்றேன். பெண் சும்மா இருப்பாளா? ஆட்டோவில் எல்லோருமாக வீடு திரும்பும் வழியிலேயே பாட்டியிடம் முழுக் கதையையும் ஒப்பித்துவிட்டாள். (வண்டியை ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டு, மறுநாள் மெக்கானிக்கோடு போய்ப் பார்த்த பிறகுதான் எடுத்து வந்தேன்.)

அம்மா திட்டவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னாள்: "கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுத்தா, கரண்டி முதக்கொண்டு எண்ணி வாங்குவோம், எண்ணித் திருப்பிக் கொடுப்போம். நாலு நாள் தூக்கமில்லாம இருந்தாலும் அந்த எண்ணிக்கையை விடமாட்டோம். நீ மூணு துணியை எண்ண மாட்டியாடா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாள் பொங்கல் ஆனதும், பெண் மூன்று பழைய துணிகளை எடுத்து, மார்க்கர் பேனாவால் ஒன்று, இரண்டு, மூன்று என்று பெரிதாக எழுதிக் கொடுத்தாள். வெளிறிய நிறத் துணிகள். கறுப்பு எஞ்சினில் பளிச்சென்று தெரியும். ஸ்பானர்களுக்கும் ஒரு தட்டு வைத்தோம். எடுத்தது எத்தனை, தட்டில் இருப்பது எத்தனை என்று எண்ணாமல் எங்கள் வீட்டில் பானெட் மூடுவதில்லை.

பெண்ணுக்குக் கல்யாணமாகி இப்போது புனேயில் இருக்கிறாள். அம்மா இல்லை. மரத்தடி மெக்கானிக்கும் கடையை மூடிக்கொண்டு தன் ஊருக்குப் போய்விட்டார். நான் இப்போதும் பானெட்டைத் திறந்தால், ஏதாவது வர மறுத்தாலோ உட்கார மறுத்தாலோ, அவர் சொன்னதை ஒரு முறை சொல்லிக்கொள்கிறேன். மூடுவதற்கு முன்னால் அம்மா சொன்னபடி எண்ணுகிறேன். போன வாரம் பெண் போன் செய்தாள். மாப்பிள்ளை காரில் ஏதோ மூடியைக் கழற்றிக்கொண்டிருக்கிறாராம். "துணி எத்தனை?" என்று கேட்டேன். "மூணுப்பா. நம்பர் போட்டுக் கொடுத்திருக்கேன்" என்றாள்.